நான் அப்படிச் சொல்லவில்லை, தம்பி



போன வாரம் நியூஜெர்சியிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியது என் பழைய மாணவன் இல்லை, அவன் மனைவி. "சார், படகுக்கு டீசல் எஞ்சின் போட்டா பணம் மிச்சமாகும்னு நீங்களே சொன்னீங்களாமே?" என்று கேட்டார். கோபமே இல்லாமல், அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். எனக்கு அதுதான் இன்னும் சங்கடமாகப் போய்விட்டது.

உடனே அவனைக் கூப்பிட்டேன். "நீங்கதானே சார் ப்ளஸ் டூவில் சொன்னீங்க, பெட்ரோல் எஞ்சினை விட டீசல் எஞ்சினோட பயனுறுதிறன் அதிகம்னு" என்கிறான். சொன்னேன், மறுக்கவில்லை. கரும்பலகையில் ஆட்டோ சுழற்சியும் டீசல் சுழற்சியும் படம் போட்டு நடத்தினேன். ருடால்ஃப் டீசல் 1913இல் கப்பலில் போகும்போது இரவோடு இரவாகக் காணாமல் போன கதையையும் சொன்னேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் கதை மட்டும்தான் நினைவிருக்கிறது. இவனுக்கு மட்டும் பயனுறுதிறன் நினைவிருந்திருக்கிறது, அதுவும் முப்பது வருடம் கழித்து, வீட்டின் மேல் கடன் வாங்க மனைவியைச் சம்மதிக்க வைப்பதற்காக.

அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் போடாதீர்கள் என்றான். 1994 பேட்ச் ஆட்கள் இரண்டாவது பத்தியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். பின்னூட்டத்தில் பெயரை எழுதிவிடாதீர்கள்.

விஷயம் இதுதான். அவன் நான்கு வருடங்களுக்கு முன் ஒரு பழைய மீன்பிடிப் படகு வாங்கினான். மீன் விற்கிற படகு இல்லை, தூண்டில் போட்டுப் பெரிய மீன் பிடிக்கிற பொழுதுபோக்குப் படகு. பெர்ட்ராம் 31 என்று பெயர். அமெரிக்காவில் அதற்குத் தனி மரியாதை உண்டு. ரே ஹன்ட் என்ற வடிவமைப்பாளர், அடிப்பாகம் பின்பக்கம் வரை ஆழமான 'வி' வடிவில் இருக்கும்படி ஒரு படகை வரைந்தார். ரிச்சர்ட் பெர்ட்ராம் அதை மரத்தில் கட்டி 1960இல் மயாமி-நாசோ பந்தயத்தில் ஓட்டினார். கடல் மோசமாகக் கொந்தளித்த நாள். மற்ற படகுகள் அலையில் அடி வாங்கித் தடுமாற, இது எட்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அந்த வடிவத்தை அப்படியே பைபர்கிளாசில் வார்த்து 1961 முதல் விற்றார்கள். இன்றைக்கும் அந்த உடலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எஞ்சின்தான் போகும், உடல் இருக்கும். அதனால்தான் அங்கே இந்தப் பழைய படகுகளுக்கு எஞ்சின் மாற்றுவது என்பது ஒரு பெரிய பேச்சு.

போன ஆகஸ்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது என்னையும் அந்தப் படகில் கூட்டிப் போனான். மனாஸ்குவான் கழிமுகத்தைத் தாண்டிக் கடலுக்குள் போனோம். எனக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். பின்தளத்தில் பெரிய பெட்டி மாதிரி இரண்டு. மெத்தை போட்டிருந்தார்கள். உட்காரும் இடம் என்று நினைத்தேன். மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே ஒவ்வொன்றிலும் ஒரு 7.4 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின். திறந்ததும் பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. அவன் மூடியை மூடினான், பிள்ளைகள் இருவரும் ஏறி அந்த மெத்தையில் உட்கார்ந்தார்கள், அவன் சாவியைத் திருகினான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அந்த இரண்டு எஞ்சினும் சுமார் 1,300 மணி நேரம் ஓடியவை. ஒன்றில் ஒரு சிலிண்டரில் அமுக்கம் குறைந்துவிட்டது. கடல்நீரில் ஓடுகிற பெட்ரோல் எஞ்சின் 1,500 மணி நேரத்தில் பெரிய வேலை கேட்கும் என்பது அங்கே பொதுவான கணக்கு. டீசலுக்கு 5,000 என்பார்கள். ஆக மாற்ற வேண்டியதுதான், அதில் சந்தேகமில்லை. படகுப் பட்டறையில் இரண்டு மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள். புதிய பெட்ரோல் எஞ்சின் இரண்டு, மாட்டிக்கொடுக்க 60,000 டாலர். புதிய டீசல் எஞ்சின் இரண்டு, மாட்டிக்கொடுக்க 1,50,000 டாலர். வித்தியாசம் 90,000. இவன் வீட்டில் சொன்னது, "அந்தத் தொண்ணூறாயிரம் எரிபொருள் மிச்சத்திலேயே திரும்பி வந்துவிடும், சாரே சொல்லியிருக்கிறார்."

இவனுக்கு இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவன் அப்பா எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அம்பாசடர் டாக்சி ஓட்டினார். அந்தக் காலத்தில் பெட்ரோல் அம்பாசடரில் டீசல் எஞ்சினை இறக்கி மாட்டுவது ஊர் ஊருக்கு நடந்தது. அவர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து மாட்டினார். இரண்டு வருடத்தில் சங்கிலி திரும்பி வந்துவிட்டது. அந்த வீட்டில் டீசல் என்றால் லட்சுமி.

ஆனால் அந்தச் சங்கிலியை மீட்டுக் கொடுத்தது பயனுறுதிறன் மட்டுமா? அன்றைக்கு நம் நாட்டில் டீசல் விலை பெட்ரோல் விலையை விட மிகக் குறைவு. அரசாங்கம் விலையை அழுத்திப் பிடித்து வைத்திருந்தது. 2014 அக்டோபரில்தான் அந்தக் கட்டுப்பாட்டை முழுதாக எடுத்தார்கள். அதோடு அந்த டாக்சி விடியற்காலையில் கிளம்பினால் இரவில்தான் நிற்கும். நிற்காமல் ஓடிய வண்டிக்குத்தான் மிச்சம் வந்தது. அமெரிக்காவில் அந்த விலைச் சலுகை இல்லை. சாலையோரப் பங்குகளில் பெரும்பாலும் டீசல்தான் விலை அதிகம். இவன் படகோ வருடத்தில் ஆறு மாதம் பிளாஸ்டிக் உறை போர்த்திக் கரையில் கிடக்கிறது.

சரி, கணக்குப் போடுவோம். மாணவர்களே, நோட்டை எடுக்க வேண்டாம், மனக்கணக்கே போதும்.

அவன் குறித்து வைத்திருக்கும் புத்தகத்தின்படி வருடத்துக்கு 80 மணி நேரம் எஞ்சின் ஓடுகிறது. பாதி நேரம் வேகமாகப் போவது, பாதி நேரம் மெதுவாகத் தூண்டிலை இழுத்துக்கொண்டு போவது. வேகமாகப் போகும்போது இரண்டு எஞ்சினும் சேர்ந்து மணிக்கு 24 கேலன் குடிக்கின்றன. மெதுவாகப் போகும்போது 5 கேலன். டீசல் போட்டால் முதலாவது 16 ஆகும், இரண்டாவது இரண்டரை ஆகும் என்று பட்டறைக்காரர் சொல்கிறார். நம்பக்கூடிய எண்தான். டீசல் எஞ்சினில் அமுக்க விகிதம் அதிகம், வேகத்தைக் குறைக்கக் காற்று வழியை அடைக்க வேண்டியதில்லை. போதாததற்கு, டீசல் அடர்த்தியான எண்ணெய், ஒரு கேலனில் பெட்ரோலை விட எட்டில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றல் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்பது பொய்யில்லை.

பெட்ரோலில் வருடத்துக்கு 960, அதோடு 200, மொத்தம் 1,160 கேலன். டீசலில் 640, அதோடு 100, மொத்தம் 740. மிச்சம் 420 கேலன். படகுத்துறையில் இரண்டும் ஒரே விலை, கேலன் நாலரை டாலர் என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,890 டாலர்.

90,000ஐ 1,890ஆல் வகுத்தால் 47 வருடம் சொச்சம். தம்பிக்கு இப்போது வயது 48. கடனுக்கு வட்டியைச் சேர்த்தால் அந்த வருட மிச்சம் வட்டிக்கே போதாது. டீசல் எஞ்சினுக்கு ஆயுள் மூன்று மடங்கு என்கிறாயா? இவன் ஓட்டுகிற ஓட்டத்துக்குப் புதிய பெட்ரோல் எஞ்சினே 18 வருடம் வரும். 5,000 மணி நேரத்தை முடிக்க இவனுக்கு 60 வருடத்துக்கு மேல் ஆகும். உப்புக்காற்றில் எந்த எஞ்சினும் மணிக்கணக்கு முடியும்வரை காத்திருக்காது, அதற்கு முன்பே துருப்பிடித்துப் போகும்.

அதே கழிமுகத்தில், ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் மீன்பிடிக்கப் போகிற வாடகைப் படகுக்காரர் ஒருவரோடும் பேசிக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு 800 மணி நேரம் ஓட்டுகிறாராம். அதே கணக்கைப் பத்தால் பெருக்குங்கள். வருடத்துக்கு 18,900 டாலர் மிச்சம். ஐந்து வருடத்துக்குள் முதல் திரும்பிவிடும். அவர் டீசல் போட்டது நியாயம். அவர்தான் அந்த ஊரின் அம்பாசடர் டாக்சி.

அந்த 1,50,000 ஏன் அவ்வளவு என்று மருமகள் கேட்டார். (மாணவனின் மனைவி எனக்கு மருமகள்தான்.) எஞ்சினுக்கு மட்டும் அந்த விலை இல்லை. ஒன்றை மாற்றினால் ஒன்பதை மாற்ற வேண்டும். 330 குதிரைத்திறனைப் பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 4,400 சுற்றில் தருகிறது. டீசல் அதே திறனை 2,800 சுற்றில் தருகிறது. திறன் என்பது திருப்புவிசையும் கோண வேகமும் பெருக்கியது. வேகம் குறைந்தால் திருப்புவிசை கூட வேண்டும். பெட்ரோலில் 534 நியூட்டன் மீட்டர் இருந்தது டீசலில் 839 ஆகிறது. பழைய கியர்பாக்ஸ் அதைத் தாங்காது. கியர் விகிதம் மாறினால் புரொப்பல்லர் மாறும். ஷாஃப்ட் தடிமன் போதுமா என்று பார்க்க வேண்டும். டர்போ டீசலுக்குக் காற்று அதிகம் வேண்டும், புகைக்குழாய் பெரிதாக வேண்டும். வாங்கிய டீசலில் ஒரு பகுதியை எஞ்சின் மறுபடி டேங்குக்கே திருப்பி அனுப்பும், அதற்குத் தனிக் குழாய் போட வேண்டும். எஞ்சின் உட்காரும் கட்டைகளைப் புதிதாகக் கட்ட வேண்டும். டீசல் கனமானது, படகின் சமநிலையும் மாறும். பட்டறைக்காரர் ஏமாற்றவில்லை. வேலை அவ்வளவு இருக்கிறது. செலவழித்த பணம் படகை விற்கும்போது முழுதாக வராது என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார், நல்ல மனிதர்.

"அப்படியென்றால் பழைய டீசல் ஜோடி ஒன்று மலிவாக வருகிறது சார், வாங்கட்டுமா" என்று இடையில் ஒரு வாட்ஸ்அப். வேண்டாம். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கக் கடல்நீர் ஓடும் ஒரு பாகம் அந்த எஞ்சின்களில் உண்டு. அதை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யாவிட்டால் அரித்து, உப்புநீர் எஞ்சினுக்குள்ளேயே போகும். முன்னால் வைத்திருந்தவர் அதைக் கழற்றினாரா இல்லையா என்பது வெளியே பார்த்தால் தெரியாது.

இப்போது அந்த வாடைக்கு வருகிறேன். தம்பி, நீ டீசலுக்குச் சொன்ன காரணங்களில் இதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், டீசலுக்கு உண்மையான பெரிய காரணம் இதுதான்.

பெட்ரோல் ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனம். காரில் கசிந்தால் கீழே இறங்கிக் காற்றோடு போய்விடும், காரின் அடிப்பக்கம் திறந்தது. படகு ஒரு கிண்ணம். தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்றே செய்தது. அதனால் ஆவியும் வெளியே போகாது. எஞ்சினுக்கு அடியில், படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் இருந்தாலே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் பனிக்கட்டிக் குளிரில்கூடத் தீப்பற்றும் ஆவியை விடும், மைனஸ் 40 டிகிரியிலும் விடும். டீசலை 52 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் அந்த அளவு ஆவி வரும். டீசல் கசிந்தால் நாறும், வழுக்கும், துடைக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று, பெட்ரோல் எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு மிக அதிகம். படகு முன்னோக்கிப் போகும்போது பின்பக்கத்துப் புகையைக் காற்று சுழற்றிப் பின்தளத்துக்கே கொண்டுவரும். அதற்கு வாடையும் இல்லை.

அதனால்தான் பெட்ரோல் படகில் சாவியைத் திருகுவதற்கு முன் நான்கு நிமிடம் ஊதுவிசிறியை ஓடவிட வேண்டும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை விதி வைத்து ஒட்டுத்தாள் ஒட்டச் சொல்கிறது. உன் படகிலும் அந்த ஒட்டுத்தாள் இருக்கிறது, சாவித்துளைக்குப் பக்கத்திலேயே, வெயிலில் வெளுத்துப்போய். நான் அதைப் படித்து முடிப்பதற்குள் நீ எஞ்சினைக் கிளப்பிவிட்டாய். பிள்ளைகள் அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. விருந்தாளியாக வந்த இடத்தில் வாத்தியார் வேலை பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். அது தப்பு. கரைக்குத் திரும்புகிற வரை என் கை அந்தப் பக்கத்துக் கம்பியை விடவில்லை.

பாதுகாப்புக்காக டீசல் போடுகிறேன், அதற்கு இவ்வளவு விலை, கொடுக்கலாமா என்று நீ மனைவியிடம் கேட்டிருந்தால் அது நேர்மையான கேள்வி. அவர் சம்மதிக்கலாம், சம்மதிக்காமலும் போகலாம். ஆனால் அந்த வாடை எஞ்சினிலிருந்து வரவில்லை. முப்பது வருடத்து ரப்பர் குழாயிலிருந்து வருகிறது. எரிபொருள் ஹோஸ் மேலே வகையும் வருடமும் அச்சிட்டிருக்கும். ஏ1-15 என்ற வகை ஆவியைக் குறைவாகவே கசியவிடும், தீயிலும் இரண்டரை நிமிடம் தாங்கும். உன் படகில் இருப்பதைக் கையால் வளைத்துப் பார்த்தேன், மேல்தோல் வெடித்திருக்கிறது. டேங்க் விஷயத்தில் உனக்கு அதிர்ஷ்டம், முன்னால் வைத்திருந்தவர் அலுமினியம் போட்டிருக்கிறார். 2004 வாக்கில் நியூயார்க், கனெக்டிகட் பக்கம் பெட்ரோலில் எத்தனால் கலக்கத் தொடங்கியபோது, பழைய பைபர்கிளாஸ் டேங்குகளின் பிசினை அது கரைத்து, கறுப்புக் குழம்பாக எஞ்சின் வால்வில் படியவைத்துப் பல படகுகளைக் கெடுத்தது. (இங்கே இ20 பற்றித் தினமும் சண்டை போடும் என் மைத்துனர் கவனிக்க.) குழாய், ஊதுவிசிறி, ஆவி எச்சரிக்கைக் கருவி, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி எல்லாம் சேர்த்தாலும் அந்தத் தொண்ணூறாயிரத்தில் ஒரு மூலைக்கு வராது. எந்த எஞ்சின் போடுவதாக இருந்தாலும் அதை இந்த மாதமே செய்ய வேண்டும்.

ஒரு நியாயம் மிச்சமிருக்கிறது, அதையும் அவனுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஹட்சன் கேன்யன் என்ற கடலடிப் பள்ளத்தாக்கு அந்தக் கரையிலிருந்து ஏறத்தாழ 80 கடல் மைல். சூரை மீன் அங்கேதான். இவன் டேங்க் 220 கேலன், பத்தில் ஒரு பங்கைத் தொடக் கூடாது என்றால் 198. எட்டு மணி நேரம் மெதுவாக இழுத்தால் பெட்ரோலில் 40 போய்விடும், மிச்சம் 158. மணிக்கு 22 நாட் வேகத்தில் 145 கடல் மைல்தான் போக முடியும். போய்வர 160 வேண்டும். பெட்ரோலில் முடியாது. டீசலில் 245 வரும், தாராளம். நிறையப் பேர் இந்தப் படகுகளுக்கு டீசல் போடுவதன் காரணம் இதுதான், அது சரியான காரணம். நீ நான்கு வருடத்தில் கேன்யனுக்கு எத்தனை தடவை போனாய் என்று கேட்டேன். ஒரு தடவை, அதுவும் நண்பரின் படகில் என்றாய். அந்த நண்பரோடு செலவைப் பங்கிட்டுக்கொண்டு இன்னும் இருபது தடவை போ.

ஆகவே என் அபிப்பிராயம்: புதிய பெட்ரோல் எஞ்சின் இரண்டு போடு, எரிபொருள் உட்செலுத்தும் வகையாகப் பார்த்து வாங்கு. மூத்தவள் இரண்டு வருடத்தில் கல்லூரிக்குப் போகிறாள், வீட்டின் மேல் கடனை அதற்கு வைத்துக்கொள். இல்லை, எனக்கு டீசலின் ஓசை பிடிக்கும், அப்பா ஞாபகம் வரும் என்றால் அதைத் தைரியமாக வீட்டில் சொல். அதற்கு ஆசை என்று பெயர், ஆசைப்படுவது குற்றமில்லை. நானும் ஓய்வுபெற்ற வருடம் தேவையே இல்லாமல் ஒரு தொலைநோக்கி வாங்கியவன்தான், இன்றுவரை அம்மாவிடம் அதன் முழு விலையைச் சொல்லவில்லை. இன்றைக்குத் தெரிந்துவிடும், அவர்களும் இதைப் படிப்பார்கள்.

தம்பி, ஹோஸை மாற்றியதும் ஒரு படம் எடுத்து அனுப்பு, அந்த அச்சு எழுத்து தெரிகிற மாதிரி. எனக்கு மட்டும் அனுப்பினால் போதும், குரூப்பில் வேண்டாம். அதுவரை பிள்ளைகளை அந்தப் பெட்டியின் மேல் உட்கார வைக்காதே.